அட்டையின் பின்பக்கம்

எங்கள் ஆட்கள் புத்தாண்டுக்குத் தீர்மானம் எடுப்பதில்லை. வாக்குத்தத்தம் எடுப்போம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜனவரி ஒன்றாம் தேதி ஒரு தட்டிலோ டப்பாவிலோ சீட்டுக்கட்டு அளவில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அட்டையின் முன்பக்கத்தில் அருவி, ரோஜாப்பூ, பனிமலை இவற்றில் ஏதாவது ஒன்றின் படமும் ஒரு வேத வசனமும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவ வேண்டும். இந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்கு என்ன செய்யப்போகிறார் என்பது அதில் இருக்கும். என்னோடு ஆபீஸில் வேலை செய்கிறவர்கள் ஜனவரி பிறந்தால் சிகரெட்டை விடுகிறார்கள், ஜிம்மில் சேருகிறார்கள், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறார்கள். எங்களுக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. செய்ய வேண்டியது முழுக்க அவர் பொறுப்பு. நாங்கள் அட்டையைப் பைபிளுக்குள் வைத்துவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போகலாம்.

நான் கொஞ்சம் பேராசைக்காரி, இரண்டையும் எடுப்பேன். வாக்குத்தத்தம் நாசரேத்தில் அக்கா வீட்டில். தீர்மானம் தூத்துக்குடியில், ஆபீஸில், வேலை நேரத்தில்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காகிதம் தயார் செய்கிற ஆபீஸ் அது. எந்தக் கப்பலில் என்ன சரக்கு, எத்தனை பெட்டி, யாருக்கு என்று முப்பத்தைந்து வருஷமாக டைப் அடித்து வருகிறேன். கப்பல் வந்து சேர்ந்த பிறகு அந்தப் பட்டியலில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் சுங்கத்தில் மனுக் கொடுத்து, காரணம் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தீர்மானத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஜனவரி மூன்றாம் தேதியே நானே மனுக் கொடுத்து நானே திருத்திக்கொள்வேன்.

ஒரு வருஷம் காப்பியில் சர்க்கரையை விட்டேன். விட்டதென்னவோ உண்மை. பதிலுக்கு உடன்குடிக் கருப்பட்டியைப் போட்டுக்கொண்டேன். டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "சர்க்கரை தொடுறதே இல்ல சார்" என்று சொன்னேன். பொய் இல்லையே. இன்னொரு வருஷம் தினமும் சாயங்காலம் பீச் ரோட்டில் நடப்பதென்று எடுத்தேன். நடந்தேன். நடை முடிகிற இடத்தில் எண்ணெயில் பொரித்த பரோட்டா போடுகிற கடை இருந்தது என் குற்றமா? மூன்று மாதத்தில் இரண்டு கிலோ கூடியது. அப்புறம் ஒரு வருஷம், வடக்கேயிருந்து வரும் லாரிக்காரர்களோடு பேசுவதற்காக இந்தி கற்றுக்கொள்ளப் புறப்பட்டேன். 'நாளைக்கு வா' என்பதற்கு இந்தியில் என்ன என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். எங்கள் ஆபீஸுக்கு அதற்கு மேல் எந்த மொழியும் தேவைப்படாது.

இப்படிக் கூத்தடித்துக்கொண்டிருந்த எனக்குப் போன டிசம்பரில்தான் நிஜமான ஒரு தீர்மானம் எடுக்க வேண்டி வந்தது. காரணம் அக்கா.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். எனக்குக் கல்யாணமாகவில்லை. அதுவும் அக்கா எடுத்த முடிவுதான். வந்த ஒரே உருப்படியான மாப்பிள்ளையை, நம்ம சபை இல்லை, கைதட்டிப் பாடுகிற சபைக்காரர் என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள். அதற்காக நான் கண்ணீர் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அந்த மனிதரை எதிரே பார்த்தேன். அவர் அப்பளம் சாப்பிட்ட விதத்தைப் பார்த்ததும் மனசுக்குள் அக்காவுக்கு நன்றி சொன்னேன். நான் நர்ஸ் வேலைக்குப் படிக்க ஆசைப்பட்டபோது டைப்ரைட்டிங் போகச் சொன்னாள். முடியை வெட்டாதே என்றாள். பச்சைச் சேலை வேண்டாம், நீ கருப்பு என்றாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் இருந்த ஒரே பதில், "சரிக்கா."

அக்காவுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. வா, போ, இரு, சாப்பிடு. அவள் பேச்சில் கேள்விக்குறியை நான் கேட்டதே இல்லை. டிசம்பர் முதல் ஞாயிறு போன் பண்ணினாள்.

"ஏளா, மே மாசத்தோட ஒனக்கு வேல முடியுதுல்லா. அந்த மாடி வீட்டக் காலி பண்ணிட்டு இங்கன வந்துரு. கெழக்கு ரூமுக்கு வெள்ள அடிக்கச் சொல்லிட்டேன்."

"அக்கா, நான் இன்னும்..."

"தனியா மாடில விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும். மே கடேசில வந்துரு. போன வச்சிருதேன்."

வழக்கம்போல "சரிக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன். வைத்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் பாதி, என்மேல் மீதி.

என் மாடி வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. ஒரு அறை, ஒரு அடுப்படி, உப்புக்காற்றில் பெயின்ட் நிற்காத ஒரு இரும்புக் கதவு. ஆனால் மொட்டை மாடிக்குப் போனால் கடலில் முறை வருவதற்காக நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும். எல்லாவற்றின் பெயரும் எனக்குத் தெரியும், நான் டைப் அடித்தவைதானே. சாயங்காலம் கையில் காப்பியோடு அங்கே நின்று, இது நிலக்கரி, இது மரத்தடி, இவன் மூன்று நாளாக நிற்கிறான் பாவம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். யாரும் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முழு நாளும் அங்கே நிற்கலாம் என்றுதான் நான் திட்டம் போட்டிருந்தேன்.

நாசரேத்தை நான் குறை சொல்லவில்லை. பிறந்த ஊர். ஆனால் அங்கே கடைத்தெருவில் குடையை மறந்து வைத்துவிட்டு வந்தால், நான் வீடு சேர்வதற்குள் குடை வீடு சேர்ந்துவிடும். கூடவே நான் கடையில் என்ன வாங்கினேன், யாரோடு சிரித்தேன் என்ற விவரமும் வந்து சேர்ந்திருக்கும். அறுபது வயதில் இன்னொருவர் வீட்டுக் கிழக்கு அறையில் உட்கார்ந்து, மணியடித்தால் எழுந்து, ஜெபத்துக்கு முக்காடு போட்டு, பச்சைச் சேலை கட்டாமல் சாக எனக்கு இஷ்டமில்லை.

ஆகவே டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி, ஒரு கப்பல் வர நேரமாகும் என்று தெரிந்த மதியத்தில், தீர்மானம் எழுத உட்கார்ந்தேன். வழக்கமாகக் காலண்டர் தாளின் பின்னால் எழுதுவேன். இந்தத் தடவை விஷயம் பெரிது, ஒரு சாட்சி இருந்தால் நல்லது என்று தோன்றியது. கைப்பையில் இருந்த பைபிளிலிருந்து அந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டையை எடுத்தேன். முன்பக்கம் அவருடைய வாக்கு, பின்பக்கம் என்னுடையது. சின்ன எழுத்தில் எண் போட்டு எழுதினேன். ஜனவரியில் புது அட்டை கிடைத்ததும் அதன் பின்னால் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று பத்திரமாக உள்ளே வைத்தேன்.

அதன் பிறகு இரண்டு நாளும் பயிற்சி. மொட்டை மாடியில் நின்று கப்பல்களைப் பார்த்து, "மாட்டேன்க்கா" என்றேன். முதலில் குரலே வரவில்லை. அப்புறம் கொஞ்சம் வந்தது. துணி காயப்போட வந்த கீழ் வீட்டுக்காரி, "யார்ட்ட பேசுதீக?" என்று கேட்டாள். செபமாலை சொல்கிறேன் என்று சொல்ல முடியாது, எங்கள் சபையில் அது கிடையாது, அவள் கத்தோலிக்கக்காரி, கண்டுபிடித்துவிடுவாள். "பாட்டுப் பழகுதேன்" என்றேன். அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். அக்கா என்னவெல்லாம் சொல்வாள் என்று யோசித்து ஒவ்வொன்றுக்கும் பதிலும் தயார் செய்தேன். நன்றி கெட்டவள் என்பாள். செத்துப்போன அம்மாவையும் அப்பாவையும் கல்லறையிலிருந்து எழுப்பிக்கொண்டு வருவாள். எல்லோருக்கும் என்னிடம் பதில் இருந்தது.

ஜனவரி ஒன்று. நாசரேத் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். எங்கள் சபையில் சகுனம் பார்க்கக் கூடாது. எல்லோரும் பார்ப்போம்.

இங்கே அக்காவின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஊரெல்லாம் வருஷா வருஷம் புது அட்டை வாங்கும். அக்கா வாங்க மாட்டாள். "வசனம் ஒண்ணும் பாலு இல்ல, திரிஞ்சு போறதுக்கு" என்பாள். அவளிடம் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று உண்டு. போன வருஷம் எடுத்த அட்டையை எல்லோரும் அந்த டப்பாவில் திருப்பிப் போட வேண்டும். அவள் குலுக்குவாள். மறுபடி எடுக்க வேண்டும். இதனால் ஒரே வசனம் எங்கள் குடும்பத்தையே சுற்றிச் சுற்றி வரும். அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, எழுபத்தைந்து வயதாகிறது. பிள்ளைப் பேற்றை வாக்களிக்கிற அட்டையை அவர் மூன்று தடவை எடுத்திருக்கிறார். மூன்று தடவையும் "ஆமென்" என்றார்.

நான் போய் இறங்கியபோது அக்கா வாசலிலேயே டப்பாவோடு நின்றாள், கண்டக்டர் டிக்கெட் கேட்பதுபோல. "உள்ள வா. அட்டையப் போடு. கறி ஆறுது." மூன்று உத்தரவு ஒரே மூச்சில். நான் பையைத் திறந்தேன், பைபிளைத் திறந்தேன், அட்டையை எடுத்து டப்பாவில் போட்டேன். அறுபது வருஷத்துப் பழக்கம். கை தானாகவே செய்தது. உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றும்போதுகூட எனக்கு நினைவு வரவில்லை.

முன்னறையில் அத்தான் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஆகஸ்டில் கண்புரை எடுத்ததிலிருந்து உலகத்தில் அச்சடித்த எதையும் விடுவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் இருக்கும் விவரங்களைக்கூட எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். சென்னையில் இருக்கும் அக்கா மகன் வீடியோவில் இருந்தான். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். அத்தான் ஜெபித்தார். நீளமான ஜெபம்தான். நான் தூங்கவில்லை, அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு டப்பா வந்தது.

அக்கா, மகனுக்காக ஒன்று எடுத்தாள். தனக்கு ஒன்று எடுத்தாள். எனக்குப் பனிமலை வந்தது. அத்தான் கண்ணை மூடி, கையை விட்டு, ஒன்றை உருவினார். ரோஜாப்பூ. வசனத்தை வாசித்தார். பிறகு அட்டையைத் திருப்பினார். என் குண்டுகுண்டு எழுத்து ஒரு கணம் எனக்குத் தெரிந்தது.

அத்தான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சபையில் பாடம் வாசிக்கிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"ஒன்றாம் வசனம். காப்பியில் கருப்பட்டியும் கிடையாது."

போனில் அக்கா மகன் முகம் பெரிதாக வந்தது.

"இரண்டாம் வசனம். பரோட்டாக் கடைப் பக்கம் நடக்கக் கூடாது."

"அத்தான், அது வந்து, என்கிட்ட தாங்க," என்று எழுந்தேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கையை உயர்த்தி என்னை உட்காரச் சொன்னார். வேதம் வாசிக்கும்போது குறுக்கே பேசுவது அவருக்குப் பிடிக்காது.

"மூன்றாம் வசனம். அத்தான் ஜெபிக்கும்போது தூங்கக் கூடாது." தலையாட்டினார். அதை அவர் முழுமனதோடு ஏற்றுக்கொண்டார். "நான்காம் வசனம். நாசரேத்துக்குக் குடிபோக மாட்டேன். அக்காவிடம் நேராகச் சொல்ல வேண்டும். முடிந்தால் ஈஸ்டருக்கு முன்."

அட்டையை இறக்கினார். எங்களைச் சுற்றிப் பார்த்தார். "இது வேதத்துல எந்த ஆகமம்? எனக்கு ஞாபகத்துக்கு வரலியே."

போனில் அக்கா மகன் வெடித்துச் சிரித்தான். "சூப்பர்ப்பா" என்று கத்தினான். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பான் போல, "சிக்னல் கட்டாகுது" என்று சொல்லிவிட்டு மறைந்தான். கோழை. நானும் சிரித்தேன். பயத்தில் வருகிற சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. அத்தான் என்னைக் காப்பாற்றத்தான் கேலியாக அப்படிக் கேட்டார் என்று நினைத்து, அந்த மனிதர்மேல் எனக்கு ரொம்பப் பிரியம் வந்தது. அக்கா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்து அட்டையை மெதுவாக வாங்கினாள். "சாப்புட வாங்க" என்றாள்.

சாப்பாட்டின்போது அக்கா தானே பரிமாறினாள். எனக்கு இரண்டு கறித்துண்டு கூடுதலாக வைத்தாள். தூக்கில் போடுவதற்கு முன் நல்ல சாப்பாடு கொடுப்பார்களாமே, அந்த ஞாபகம் வந்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.

பிறகு அடுப்படியில் அவள் தட்டுக் கழுவ, நான் துணியோடு பக்கத்தில் நின்றேன். ஈஸ்டர் வரை தள்ளிப்போட இனி வழியில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்த நாலாவது..." என்று ஆரம்பித்தேன்.

"ஏளா, அவரு கேலி பண்ணல," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நெசமாத்தான் கேட்டாரு. எந்த ஆகமம்னு." குழாயை மூடினாள். "நாப்பது தடவ வேதத்த முழுசா வாசிச்ச மனுசன். ஒன் கையெழுத்து தெரியல அவருக்கு. நீ எழுதுன டைப்பிங் பரீட்சை மனுவத் திருத்திக் குடுத்தவருல்லா."

நவம்பரில் ஒருநாள் கறிவேப்பிலை வாங்கப் போன அத்தான், எங்கள் சபைக் கோயில் வாசலில் நின்றுகொண்டு, நம்ம வீடு எங்கன இருக்கு என்று கேட்டிருக்கிறார். பூக்கடைக்காரன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறான். அதன் பிறகு இரண்டு தடவை அப்படி. மகனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான், லிஃப்ட் வைத்த வீட்டில் இவர் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார் என்றாள். இதையெல்லாம் அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். குடை வீடு வந்து சேருகிற ஊரில் இந்தச் செய்தி மட்டும் என்னிடம் வந்து சேரவில்லை. ஊர் வாயை அவள் எப்படி அடைத்தாளோ.

"மாடில விழுந்து கெடப்பன்னு ஒனக்காகச் சொன்னேன்ல," என்றாள். "ஒனக்காக இல்ல. எனக்கு பயமா இருக்கு."

பயம் என்ற வார்த்தை அக்கா வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அம்மா இறந்த அன்றுகூட, அழுகிறவர்களை வரிசையில் உட்கார வைத்தவள் அவள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இங்கன வந்து இருக்கியா?"

கேள்வி. அறுபது வருஷத்தில் அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

நான் மொட்டை மாடியில் நின்று பழகியதெல்லாம் உத்தரவுக்குப் பதில். வந்துரு என்று சொல்லியிருந்தால் என் 'மாட்டேன்' நன்றாகவே வந்திருக்கும், கப்பல் வரைக்கும் கேட்கும்படி வந்திருக்கும். வருவாயா என்று கேட்டால் என்ன செய்வதென்று நான் யோசித்தே பார்க்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட வாய் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் முகம் எப்படி ஆகியிருக்கும் என்றும் தெரியும். குடிவந்த ஒரு வருஷத்துக்குள்ளேயே நான் அவளை வெறுக்க ஆரம்பித்திருப்பேன் என்றும் தெரியும். அவளை வெறுத்துக்கொண்டு அவள் வீட்டில் இருக்க என்னால் முடியாது.

"மாட்டேன்க்கா," என்றேன். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "அந்த வீட்ட என்னால விட முடியாது. சனி ஞாயிறு வாரேன். வாரா வாரம் வாரேன். திங்கக்கெழம காலைல போறேன். அத்தான டாக்டர்ட்ட காட்டணும்னா நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா குடி வர மாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, அவள் ஆரம்பிக்கட்டும் என்று காத்து நின்றேன். நன்றி கெட்டவள், சுயநலக்காரி, அம்மா இருந்திருந்தால் என்று வரிசையாக வரட்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது.

"சரி," என்றாள்.

திரும்பவும் குழாயைத் திறந்தாள். மிச்சத் தட்டுகளைக் கழுவி ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டினாள். நான் துடைத்து அடுக்கினேன். எனக்கு வேண்டியிருந்தது என் வீடு மட்டும்தான், அது கிடைத்துவிட்டது. இப்போது திட்டுவாள், காப்பி போடும்போது திட்டுவாள், வாசலில் வைத்தாவது ஒரு வார்த்தை திட்டுவாள் என்று நாலரை மணி பஸ் வரை அவள் பின்னாலேயே சுற்றினேன். அவள் திட்டவில்லை.